திவாலான கம்பெனியில் விமானியின் வாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டால், பூட்டிய கதவும் வாசலில் கூடி நிற்கும் கடன்காரர்களும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள் திவாலாகும்போது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விமானங்கள் பறந்துகொண்டே இருக்கும், டிக்கெட் விற்றுக்கொண்டே இருப்பார்கள். அந்த நாட்டுத் திவால் சட்டத்தின் பதினோராம் அத்தியாயம், கடன்காரர்களைக் கொஞ்ச காலம் எட்ட நிற்கவைத்து, கம்பெனி தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தருகிறது. பயணிக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரிவதெல்லாம் அங்கே வேலை செய்பவர்களுக்கு. ஏனென்றால் அவர்களுடைய ஒப்பந்தமும் அந்தச் சீர்செய்யும் பட்டியலில் இருக்கிறது.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2012-இல் எதிர்கொண்ட ஒரு வாக்கெடுப்பு. சம்பளம், பென்ஷன், வேலைநேரம் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஓர் ஒப்பந்தத்தை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வி. 'லட்சக்கணக்கில் வாங்குபவர்கள், கொஞ்சம் குறைந்தால்தான் என்ன?' என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் அதோடு உடன்படவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விமானியின் வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். ஒரு மருத்துவர் ஓர் ஆஸ்பத்திரியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் அவருடைய இருபது வருட அனுபவமும் கூடவே போகிறது. புதிய இடத்தில் அதற்கேற்ற சம்பளம் கேட்கிறார். அமெரிக்காவில் விமானிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பணிமூப்புப் பட்டியல் உண்டு. நீங்கள் சேர்ந்த நாளை வைத்து அதில் ஓர் எண். கேப்டன் ஆவது எப்போது, பெரிய விமானமா சின்ன விமானமா, டாலஸிலிருந்து லண்டன் போகிறீர்களா, இல்லை ஒரே நாளில் நான்கு சிற்றூர்களில் இறங்கி ஏறுகிறீர்களா, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பீர்களா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுவது யார் என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஐம்பது வயது கேப்டன் ஒருவர் வேறு ஏர்லைன்ஸுக்குப் போனால், ரேஷன் கடை வரிசையிலிருந்து விலகி மறுபடி வந்து நிற்பவர் மாதிரி, வால்பக்கம்தான் போக வேண்டும். அங்கே அவர் இருபத்தெட்டு வயதுப் பையனுக்கும் இளையவர். சம்பளமும் புதிதாகச் சேர்ந்தவருக்கு உரியதுதான்.

அதனால் 'பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகவேண்டியதுதானே?' என்ற கேள்வி விமானிக்குப் பொருந்தாது. அவர் கம்பெனியோடு கட்டுண்டவர். கம்பெனி நிர்வாகத்துக்கும் அது நன்றாகத் தெரியும். பேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது சட்டம். 1983 செப்டம்பரில் கான்டினென்டல் ஏர்லைன்ஸை நடத்தி வந்த ஃபிராங்க் லொரென்சோ அந்தக் கம்பெனியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். தொழிற்சங்க ஒப்பந்தங்களை ஒரேயடியாகக் கிழித்துப் போட்டார். எல்லோரையும் நிறுத்திவிட்டு, மூன்றே நாளில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை மட்டும் கிட்டத்தட்டப் பாதிச் சம்பளத்தில் திரும்ப எடுத்துப் பறக்க ஆரம்பித்தார். கேப்டன்களுக்கு ஆண்டுக்கு 43,000 டாலர் என்று ஒரே சம்பளம் வைத்தார். விமானிகள் அக்டோபர் முதல் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது இரண்டு வருடம் நீடித்து, அவர்கள் தோற்ற பிறகு 1985 அக்டோபர் கடைசியில் முடிந்தது. இதற்கிடையில் 1984 பிப்ரவரியில், பில்டிஸ்கோ என்ற வழக்கில், திவாலான முதலாளி தொழிற்சங்க ஒப்பந்தத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்த வருடமே நாடாளுமன்றம் திவால் சட்டத்தில் 1113-ஆம் பிரிவைச் சேர்த்தது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தைக் கிழிக்கக் கூடாது. முதலில் நிறுவனம் தொழிற்சங்கத்திடம் ஒரு யோசனையை வைக்க வேண்டும். கணக்கு வழக்குகளைக் காட்ட வேண்டும். நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். கேட்கிற வெட்டு கம்பெனி பிழைக்கத் தேவையானதாக இருக்க வேண்டும். சுமையை எல்லாத் தரப்பும் நியாயமாகப் பகிர வேண்டும். அதன் பிறகும் சங்கம் தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், நீதிபதி ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்ய அனுமதிக்கலாம். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பேச்சுவார்த்தை மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். 'கையெழுத்துப் போடு, இல்லையென்றால் நீதிபதியிடம் போகிறேன்' என்பதுதான் நிர்வாகத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் இருக்கும் வாக்கியம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விமான ஊழியர்கள் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குக் கீழ் வருகிறார்கள். நினைத்தபோது வேலைநிறுத்தம் செய்ய முடியாது. இதே அமெரிக்கன் விமானிகள் 1999 பிப்ரவரியில் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டபோது நீதிமன்றம் சங்கத்துக்கு விதித்த அபராதம் 4 கோடியே 55 லட்சம் டாலர். 2012-இல் வாக்களித்தவர்கள் பலருக்கு அது மறந்துபோகவில்லை.

சரி, கதைக்கு வருவோம். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தாய் நிறுவனமான ஏஎம்ஆர் 2011 நவம்பர் 29-ஆம் தேதி நியூயார்க்கில் திவால் மனு போட்டது. சொத்து 2,470 கோடி டாலர், கடன் 2,960 கோடி டாலர் என்று கணக்குக் காட்டியது. ஆனால் கையில் ரொக்கமாக 400 கோடி டாலருக்கு மேல் இருந்தது. நான்கு மாதம் முன்புதான் 460 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அன்றாடச் செலவுக்கே கையில் காசில்லாமல் போன கம்பெனி இல்லை இது. போட்டி நிறுவனங்களெல்லாம் திவால் நீதிமன்றம் போய்ச் சம்பளச் செலவைக் குறைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், நாம் மட்டும் போகாமல் இருந்தால் போட்டியில் நிற்க முடியாது என்பது நிர்வாகத்தின் வாதம். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். யுனைட்டெட், டெல்டா, நார்த்வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் எல்லாமே முந்தைய பத்தாண்டில் அந்த வழியாகப் போய் வந்தவைதான்.

விமானிகளில் சிலர் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தார்கள். அந்த வருட இலையுதிர்காலத்தில் விமானிகள் திடீரென்று கூட்டம் கூட்டமாக ஓய்வுபெற ஆரம்பித்தார்கள். சாதாரணமாக மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் ஓய்வுபெறும் இடத்தில் நூறு பேருக்கு மேல் போனார்கள். ஓய்வுபெறுபவர், தன் ஓய்வூதியக் கணக்கின் ஒரு பகுதிக்குச் சில வாரங்களுக்கு முந்தைய பங்குச்சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ள விதியில் இடமிருந்தது. சந்தை சரிந்துகொண்டிருந்தது, கம்பெனியும் ஆட்டம் கண்டிருந்தது. அறுபதை ஒட்டிய வயதில் இருந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கிடைப்பது கிடைக்கட்டும் என்று கிளம்பிவிட்டார்கள்.

2012 பிப்ரவரி முதல் தேதி நிர்வாகம் பட்டியலை நீட்டியது. ஊழியர் செலவில் ஆண்டுக்கு 125 கோடி டாலர் குறைய வேண்டும். 13,000 வேலைகள் போக வேண்டும். விமானிகளின் பங்கு ஆண்டுக்கு 37 கோடி டாலர். ஓய்வூதியத் திட்டங்களை அடியோடு முடித்துவிட வேண்டும். மற்ற நிறுவனங்களின் விமானங்களில் அமெரிக்கன் டிக்கெட் விற்கும் ஏற்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர வேண்டும். சின்ன ஏர்லைன்ஸ்கள் ஓட்டும் ஜெட்களின் அளவும் எண்ணிக்கையும் கூட வேண்டும்.

இதில் செய்தித்தாள்கள் சம்பளத்தைப் பற்றித்தான் எழுதின. சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தவர்களுக்குக் கவலை அந்தக் கடைசி இரண்டு விஷயங்களிலும் பென்ஷனிலும் இருந்தது. நானும் அந்தப் பக்கம்தான். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான்: திவால் ஒப்பந்தத்தில் வெட்டப்படும் சம்பளம் நல்ல காலம் வந்தால் திரும்பி வருகிறது. பென்ஷனும், பணிமூப்பும், எந்த விமானத்தை யார் ஓட்டுவது என்ற உரிமையும் ஒருமுறை போனால் அநேகமாகப் போனதுதான்.

இதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். பெரிய ஏர்லைன்ஸின் பெயரும் நிறமும் பூசிய சின்ன ஜெட் ஒன்றில் நீங்கள் ஏறுகிறீர்கள். டிக்கெட்டில் அமெரிக்கன் என்று இருக்கும். ஆனால் ஓட்டுபவர் வேறொரு கம்பெனியின் ஊழியர். அந்தக் காலகட்டத்தில் அப்படிப்பட்ட கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த துணை விமானிக்கு ஆண்டுச் சம்பளம் இருபதாயிரம் டாலர் சொச்சம். அமெரிக்கன் விமானிகளின் பழைய ஒப்பந்தத்தில் ஐம்பது இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்களை இப்படி வெளியே கொடுப்பதற்குக் கடுமையான வரம்பு இருந்தது. கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 76 இருக்கை வரை என்று அது உயர்ந்தது. இருக்கை எண்ணிக்கை கூடியதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றும். 76 இருக்கை ஜெட் போகிற தடத்தில் முன்பு அமெரிக்கனின் சொந்த விமானமும், அதில் ஒரு கேப்டனும் ஒரு துணை விமானியும் இருந்தார்கள். அந்த இரண்டு இடங்களும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைகின்றன. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் பட்டியலின் கீழே இருப்பவர் மேலே வர இன்னும் சில வருடம் கூடுகிறது.

பென்ஷன் விஷயத்தில் பக்கத்து வீட்டு அனுபவம் கண்முன்னே இருந்தது. யுனைட்டெட் ஏர்லைன்ஸ் 2005 மே மாதம் சிகாகோ திவால் நீதிமன்றத்தின் அனுமதியோடு தன் ஓய்வூதியத் திட்டங்கள் நான்கையும் கைகழுவியது. பற்றாக்குறை 980 கோடி டாலர். அரசின் ஓய்வூதிய உத்தரவாதக் கழகம் ஏற்றது 660 கோடி. மீதியை ஏற்றவர்கள் ஓய்வுபெற்றவர்களும் ஓய்வுபெறப் போகிறவர்களும். விமானிகளுக்கு இதில் தனி அநியாயம் ஒன்று உண்டு. அன்று விமானிகள் அறுபது வயதில் கட்டாயமாக ஓய்வுபெற வேண்டும் என்பது அரசு விதி. ஆனால் உத்தரவாதக் கழகமோ அறுபத்தைந்துக்கு முன் ஓய்வுபெறுபவருக்கு உச்சவரம்பைக் குறைத்துவிடும். 2005-இல் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு ஆண்டுக்கு உச்சம் 45,614 டாலர், அறுபது வயதுக்காரருக்கு 29,649. அரசின் ஒரு கை அறுபதில் வெளியே போ என்கிறது. இன்னொரு கை, ஏன் சீக்கிரம் வந்தாய் என்று பிடித்தம் செய்கிறது. அந்த ஓய்வு வயது அறுபத்தைந்தாக உயர்ந்தது 2007 டிசம்பரில்தான்.

2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கரை உலகமே அறியும். அடுத்த மாதம் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியது அந்த அளவுக்குப் பரவவில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது என்றார். தன் பென்ஷன் முடித்துவைக்கப்பட்டு, டாலருக்குச் சில்லறைக் காசு பெறுமானமுள்ள அரசு உத்தரவாதம்தான் மிஞ்சியது என்றார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவர் வேலை செய்த யுஎஸ் ஏர்வேஸ் இரண்டு முறை திவால் நீதிமன்றம் போய்வந்த கம்பெனி.

அமெரிக்கனில் பென்ஷன் தப்பியது. முழுசாக என்று சொல்ல முடியாது. உத்தரவாதக் கழகத்தின் இயக்குநர் ஜோஷ் காட்பாம் ஆரம்பத்திலேயே வெளிப்படையாக எதிர்த்தார். கையில் 400 கோடி ரொக்கம் வைத்துக்கொண்டு பென்ஷனை அரசின் தலையில் கட்டுவதா என்று கேட்டார். நிர்வாகம் இறங்கிவந்தது. திட்டத்தை முடிக்காமல் உறையவைத்தார்கள். அதாவது அதுவரை சேர்ந்தது அப்படியே கிடைக்கும், மேற்கொண்டு சேராது. இனி வருகிற காலத்துக்கு விமானியின் தனிக் கணக்கில் கம்பெனி பணம் போடும், அதன் லாப நட்டம் விமானிக்கு. ஓர் அரசு அதிகாரி சரியான நேரத்தில் முரண்டு பிடித்ததால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கிடைத்த பலன் அது. அவரை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இனி வாக்கெடுப்பு. ஜூன் கடைசியில் நிர்வாகம் 'இதுதான் கடைசி' என்று ஒரு யோசனையைத் தந்தது. விமானிகளுக்கான செலவில் முதலில் கேட்ட 20 சதவீதக் குறைப்பு 17 ஆகியிருந்தது. ஆறு வருடத்துக்குப் படிப்படியாகச் சம்பள உயர்வு. திவாலிலிருந்து வெளியே வரும் நிறுவனத்தில் விமானிகளுக்கு 13.5 சதவீதப் பங்கு. சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே ஒன்பதுக்கு ஏழு என்றுதான் இதை உறுப்பினர்களிடம் கொண்டுபோக முடிவானது. தலைவர் டேவிட் பேட்ஸ் ஏற்கச் சொன்னார். சங்கத்தின் ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்கள்: இதை மறுத்தால் நீதிபதி வழியாக இதைவிட மோசமானது வரும்.

இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது, பெரிய விமானத்தில் கேப்டன். இன்னும் ஏழு வருடம்தான். ஆறு வருட ஒப்பந்தம் என்றால் அவருடைய மிச்ச வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இன்னொருவருக்கு முப்பத்தெட்டு. சில வருடம் ஆட்குறைப்பில் வெளியே இருந்துவிட்டு அழைப்பு வந்து திரும்பியவர். வீட்டுக் கடன் இருக்கிறது, இன்னும் இருபத்தேழு வருடம் பறக்க வேண்டும். அவருக்கு 17 சதவீதமா 20 சதவீதமா என்பதைவிட, பத்து வருடம் கழித்து ஓட்டுவதற்குத் தன் கம்பெனியில் விமானம் இருக்குமா என்பது பெரிது. இருவர் கையிலும் ஒரே ஒப்பந்தம், ஒரே வாக்கு. இப்படி ஒரு சங்கத்தில் ஒருமித்த கருத்து வந்தால்தான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 8-ஆம் தேதி முடிவு வந்தது. 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தலைவர் பதவி விலகினார். அதே மாதத்தில் மெக்கானிக்குகள் மயிரிழையில் தங்களுக்கான யோசனையை ஏற்றார்கள். விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் கிட்டத்தட்ட 60 சதவீத ஆதரவோடு ஏற்றார்கள். மறுத்தவர்கள் விமானிகள் மட்டும்தான்.

ஏன் மறுத்தார்கள்? அதற்கு 2003-க்குப் போக வேண்டும். அந்த வருடம் ஏப்ரலில் திவாலைத் தவிர்க்க வேண்டும் என்று நிர்வாகம் கெஞ்சியது. விமானிகள் மட்டும் ஆண்டுக்கு 66 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். சம்பளம் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் குறைந்தது. வாக்கெடுப்பு முடியும் நேரத்தில்தான் ஒரு சேதி வெளியே வந்தது. மேலதிகாரிகள் சிலருக்கு வேலையில் தொடர்ந்தால் போதும் என்று இரண்டு வருடச் சம்பளம் போனஸாகத் தர ஏற்பாடாகியிருந்தது. அவர்களுடைய பென்ஷனைத் திவாலிலிருந்து காப்பாற்ற 4 கோடி டாலருக்கு மேல் தனியாக ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் வாக்களிக்கும்வரை இதை மூச்சுவிடவில்லை. தலைமை அதிகாரி டான் கார்ட்டி மன்னிப்புக் கேட்டார், போனஸை ரத்து செய்தார், கடைசியில் பதவி விலகினார். வெட்டு மட்டும் அப்படியே நின்றது. சில வருடத்தில் கம்பெனி லாபம் பார்த்தபோது மேலாளர்களுக்குப் பங்குகளாகப் பெரிய ஊக்கத்தொகை போனது. விமானிகளின் சம்பளம் கிட்டத்தட்ட 2003-இலேயே நின்றது.

ஆக, 2012-இல் அந்த 61 சதவீதம் பேர் முன்னால் இருந்த தாளை மட்டும் படித்து வாக்களிக்கவில்லை. கொடுத்தவர் யார் என்பதையும் பார்த்தார்கள். இதை உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தத்தின் மதிப்பில் பாதி, எதிராளி வாக்கு தவறமாட்டார் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. அந்தப் பாதி அங்கே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் கனமானது. ஏப்ரல் 20-ஆம் தேதியே அமெரிக்கனின் மூன்று தொழிற்சங்கங்களும் அரிசோனாவிலிருந்த யுஎஸ் ஏர்வேஸின் தலைவர் டக் பார்க்கரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. அவர் அமெரிக்கனைத் தன் கம்பெனியோடு இணைத்துக்கொள்ள விரும்பினார். இணைந்தால் 6,200 வேலைகளாவது தப்பும் என்றார். தங்கள் நிர்வாகத்தின் முதுகுக்குப் பின்னால், வாங்க வருகிறவரோடு ஊழியர்கள் முதலில் ஒப்பந்தம் பேசியது விமானத் துறையில் அபூர்வம். அதோடு, பிணையில்லாக் கடன்காரர்களுக்கான, அதாவது அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கான, ஒன்பது பேர் குழுவில் மூன்று நாற்காலிகள் இந்தச் சங்கங்களுக்கு இருந்தன. திவாலில் கடன்காரர் குழுவுக்குத்தான் உண்மையான செல்வாக்கு. விமானிகள் வேண்டாம் என்று சொன்னபோது அவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. அது இல்லாமல் சொல்லியிருந்தால் அது வெறும் வீம்பாகத்தான் இருந்திருக்கும். நானே வேறு மாதிரிதான் பேசியிருப்பேன்.

அதன் பிறகு நடந்தது எளிதாக இல்லை. வாக்கெடுப்பு முடிந்த ஒரு வாரத்தில் திவால் வழக்கை விசாரித்த நீதிபதி ஷான் லேன், பழைய ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்ட நிர்வாகத்தின் மனுவை ஆச்சரியமாக ஏற்க மறுத்தார். ஆட்குறைப்புக்கு வரம்பே இல்லாத அதிகாரமும், பிற நிறுவனங்களோடு டிக்கெட் பங்கிடுவதில் வரம்பே இல்லாத சுதந்திரமும் கம்பெனி பிழைக்கத் தேவையானதாக நிரூபிக்கப்படவில்லை என்பது அவர் காரணம். கவனியுங்கள், சம்பளக் குறைப்பில் அவர் கைவைக்கவில்லை. நிர்வாகம் அந்த இரண்டையும் திருத்திக்கொண்டு திரும்ப வந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி அனுமதி கிடைத்துவிட்டது. பழைய ஒப்பந்தம் செத்தது. நிர்வாகம் தான் விரும்பிய விதிகளைத் தானே அமல்படுத்தத் தொடங்கியது.

அந்த செப்டம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பயணம் செய்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாயின, நூற்றுக்கணக்கில் ரத்தாயின. நிர்வாகம் விமானிகளைக் குற்றம் சாட்டியது. உடம்பு சரியில்லை என்று சொல்பவர்கள் கூடிவிட்டார்கள், புறப்படும் நேரத்தில் பார்த்து கோளாறு எழுதுகிறார்கள் என்றது. விமானி அறையில் ஒரு பதிவேடு உண்டு. சின்னக் கோளாறானாலும் கேப்டன் அதில் எழுதிவிட்டால், மெக்கானிக் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை விமானம் நகராது. எதை இப்போதே எழுதுவது, எதை அடுத்த ஊரில் எழுதிக்கொள்ளலாம் என்பதில் கேப்டனின் மனசுக்கு இடமிருக்கிறது. கம்பெனியும் ஊழியரும் நல்லபடி இருக்கும்போது அந்த இடம் கம்பெனிக்கு லாபம். சங்கம் எந்தப் போராட்டத்தையும் அறிவிக்கவில்லை என்று மறுத்தது. நிர்வாகம் நீதிமன்றம் போவோம் என்று எச்சரித்தது. ஆனாலும் சில வாரங்களில் இரு தரப்பும் மறுபடி பேச உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம், விமானத்தை நீதிமன்றம் ஓட்ட முடியாது என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது.

டிசம்பர் 7-ஆம் தேதி புதிய ஒப்பந்தத்துக்கு 74 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அந்த 13.5 சதவீதப் பங்கு அதிலும் இருந்தது. பணக் கணக்கில் ஆகஸ்ட் யோசனையைவிட ஏதோ கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அப்படியானால் இந்த நான்கு மாதப் போராட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஆகஸ்டில் ஆமாம் என்று சொல்லியிருந்தால், பழைய நிர்வாகம் ஊழியர் செலவைக் குறைத்து முடித்த தெம்பில் தனியாகவே திவாலிலிருந்து வெளியே வரும் வாய்ப்பு அதிகம். மறுத்ததால் இணைப்பு பற்றிய பேச்சு சூடுபிடித்தது. 2013 பிப்ரவரி 14-இல் இணைப்பு அறிவிப்பானது. டிசம்பரில் புதிய கம்பெனி பிறந்தது, தலைமை டக் பார்க்கரிடம் போனது. வெளியேறும் தலைவர் டாம் ஹார்ட்டனுக்கு 2 கோடி டாலர் வழியனுப்புத் தொகை என்ற ஏற்பாட்டை மட்டும் நீதிபதி லேன், இணைப்புக்கு ஒப்புதல் தந்தபோது ஏற்கவில்லை. புதிய பங்கின் விலை அடுத்த ஒரே வருடத்தில் இரட்டிப்பாகியது. 2015 ஜனவரியில் இரு கம்பெனி விமானிகளுக்கும் சேர்த்து வந்த பொது ஒப்பந்தத்தில் சம்பளம் ஒரே அடியில் 23 சதவீதம் ஏறியது. திவாலில் போன சம்பளம் திரும்பி வரும் என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

திரும்பி வராததற்கும் இதே கம்பெனிக்குள் சாட்சி இருக்கிறது. 2001-இல் அமெரிக்கன், திவாலாகிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ ஏர்லைன்ஸை வாங்கியது. அந்த விமானிகளின் ஒப்பந்தத்தில், கம்பெனி கைமாறினால் பணிமூப்பு நியாயமாக இணைக்கப்பட வேண்டும் என்ற பாதுகாப்பு இருந்தது. 1113-ஆம் பிரிவைக் காட்டி மிரட்டி அதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். விட்டுக்கொடுத்தார்கள், வேறு வழி தெரியவில்லை. விளைவு, சுமார் 2,300 பேரில் பாதிக்கு மேல் அமெரிக்கன் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டப்பட்டார்கள். பல வருட அனுபவமுள்ளவர்களும் அதில் இருந்தார்கள். அந்த வருடமே செப்டம்பர் 11 வந்தது. ஆட்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்துதானே ஆரம்பிக்கும்? பெரும்பாலோர் வேலையிழந்தார்கள். வேலையில் மிஞ்சியவர்களுக்கு செயின்ட் லூயிஸ் தளத்தில் கேப்டன் இடங்களில் ஒரு தனி ஒதுக்கீடு இருந்தது. 2012-இல் பழைய ஒப்பந்தம் ரத்தானபோது அந்தக் கடைசிப் பாதுகாப்பும் ரத்தானது. 74 சதவீதத்தின் வெற்றியைப் பேசும் யாரும் இவர்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள்தான் இவர்களும்.

சமீபத்திய ஒரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் நிறுவன விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மறுநாளே கம்பெனி அமெரிக்காவில் பதினோராம் அத்தியாயத்தின் கீழ் மனு போட்டது. கொரோனா காலத்தில் வேலையிழந்த விமானிகளைத் திரும்ப அழைக்காமல், துணை நிறுவனங்களை ஆரம்பித்துப் புதிய விதிகளில் ஆள் எடுக்க நிர்வாகம் முயன்றதுதான் சண்டையின் மையம். அந்த நாடுகளின் சட்டம் வேலைநிறுத்தத்தை அனுமதிப்பதால், அமெரிக்கன் விமானிகளுக்கு இல்லாத ஆயுதம் இவர்கள் கையில் இருந்தது. பதினைந்து நாள் நீடித்தது. 3,700 விமானங்கள் ரத்தாயின. முடிவில் விமானிகள் வேலைநேரத்தில் இறங்கிவந்தார்கள், சம்பளத்திலும் விட்டுக்கொடுத்தார்கள். ஐந்தரை வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் கேட்டு வாங்கியது, வேலையிழந்த 450 விமானிகள் மறுபடி வேலைக்கு எடுக்கப்படுவார்கள் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்ற நிலையில் எதைக் கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்பதில் அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டார்கள் என்பது என் கருத்து.

நன்றி, வணக்கம்.